கருணாகரனின் கப்பலும் எறிவீரரின் வாளும்

சாண்டில்யனின் 'கடல் புறா'வைப் படித்த தலைமுறைக்குக் கருணாகரத் தொண்டைமான் என்றால் கப்பல் தளத்தில் உருவிய வாளோடு நிற்கும் இளையபல்லவன்தான். கலிங்கத்துப் பாலூர்த் துறைமுகத்தில் கடாரத்து இளவரசி காஞ்சனாதேவியைச் சந்திக்கிறான். சீனக் கடற்கொள்ளைக்காரன் அகூதாவிடம் கடற்போர் முறை பயில்கிறான். பிறகு தானே ஒரு கொள்ளைக்கப்பலின் தலைவனாகிச் சுமத்திராவின் அட்சயமுனைக்கு வந்திறங்குகிறான். 'குமுதம்' இதழில் வாரந்தோறும் வெளிவந்த அக்கதை மூன்று பாகங்களாக நூலுருப் பெற்று இன்றும் விற்றுக்கொண்டிருக்கிறது. ஜப்பானியச் சித்திரக்கதையில் மூன்று வாள் ஏந்திய சோரோ கொள்ளைக்கூட்டத்தோடு கடலோடுவதைப் பார்த்து வளரும் இன்றைய மாணவர்க்கு, ஏறத்தாழ அதே வார்ப்பில் ஒரு தமிழ் வாள்வீரன் முந்தைய தலைமுறையிலேயே உலவினான் என்பது வியப்பாக இருக்கலாம்.

வரலாற்றுக் கருணாகரன் கப்பல் ஏறியதாக எந்தச் சான்றும் கூறவில்லை. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி அவனை நிலப்படையின் தலைவனாகவே காட்டுகிறது. காஞ்சியிலிருந்து புறப்பட்ட படை கடந்த ஆறுகளைப் பரணி வரிசையாகச் சொல்கிறது: பாலாறு, குசைத்தலை, பொன்முகரி, பெண்ணை என்று தொடங்கிக் கிருட்டிணை, கோதாவரி வரை அது நீளும். இவற்றுள் பொன்முகரி என்பது காளத்தியை ஒட்டி ஓடும் இன்றைய சுவர்ணமுகி. வழி முழுவதும் நதிகளின் பெயர்களே உள்ளன. துறைமுகத்தின் பெயர் ஒன்றும் இல்லை. யானை, குதிரை, காலாள் என்று படையுறுப்புகளை விரித்துப் பாடும் புலவர், கப்பற்படை ஒன்று உடன் சென்றிருந்தால் அதைப் பாடாமல் விட்டிருப்பாரா?

காஞ்சி அத்தியூர்க் கல்வெட்டு இன்னும் தெளிவாகப் பேசுகிறது. கருணாகரனின் தேவி அழகிய மணவாளினி மண்டையாழ்வார் அங்குள்ள திருமால் கோயிலுக்கு விளக்கு வைத்த செய்தி அதில் உள்ளது. அவளுடைய கணவன் குலோத்துங்கசோழ வளநாட்டுத் திருநறையூர் நாட்டு வண்டாழஞ்சேரியைச் சேர்ந்தவன். 'வேளான்' என்ற அடையோடு குறிக்கப்படுபவன். தொண்டைமான் என்பது அவன் பெற்ற பெயர். ஆக, அவன் குடந்தை வட்டாரத்துக் காவிரிப்படுகையில் நிலமுடைய குடியில் பிறந்தவன். 'பல்லவ' மரபின் கடைக்கொழுந்தாக நாவல் அவனைக் காட்டுவது, பட்டத்தைப் பரம்பரையாகப் படித்ததன் விளைவு. சோழர் அதிகாரிகளின் பட்டப்பெயர்களை அவர்தம் குலப்பெயர்களாகக் கொள்ளும் இப்பிழை நாவலாசிரியர்க்கு மட்டும் உரியதன்று. ஊர்வரலாறு எழுதுவோர் பலரும் இதில் விழுந்திருக்கின்றனர்.

அப்படியானால் அவன் கப்பலுக்கு எப்படி வந்தான்? வழி திறந்தது கருணாகரனுடைய வரலாற்றில் அன்று, அவன் அரசனுடைய வரலாற்றில். 1070இல் சோழ அரியணை ஏறிய முதற் குலோத்துங்கனின் இளமைக்காலம் வேங்கியில் முழுமையாகக் கணக்குக்கு வரவில்லை. அதே ஆண்டுகளில் வீரராசேந்திரன் கடாரத்தை வென்று, தன் அடிபணிந்த அரசனுக்கே அதைத் திருப்பிக் கொடுத்ததாக மெய்க்கீர்த்தி சொல்கிறது. 1079ஆம் ஆண்டின் குவாங்சௌ கல்வெட்டொன்று, தாவோ கோயில் ஒன்றைப் புதுப்பிக்கப் பொருள் தந்த சிரீவிசயத் தலைவன் ஒருவனைப் பற்றிப் பேசுகிறது; அவன் பெயரின் சீன ஒலிப்பில் குலோத்துங்கனைக் கண்டவர்களும் உண்டு, மறுத்தவர்களும் உண்டு. இந்த இடைவெளியில்தான் சாண்டில்யன் தம் கப்பலைச் செலுத்தினார். அரசன் கடாரம் போயிருக்கக்கூடும் என்றால், அவன் தோழனும் போயிருக்கலாம் அல்லவா? நாவலுக்கு இது போதும். அகூதா என்ற பெயரோ சூர்சேன் இனத்தலைவனாக இருந்து 1115இல் சின் அரசமரபைத் தொடங்கிய வான்யான் அகுதாவை நினைவூட்டுகிறது. அந்த அகுதா மஞ்சூரியாவின் குதிரைவீரன், 1068இல் பிறந்தவன், கதை நிகழும் காலத்தில் தவழும் குழந்தை.

இந்நாவலைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுகிறது. ஒரு சாரார் அதைச் சான்றாகவே மேற்கோள் காட்டுகின்றனர்; கருத்தரங்கக் கட்டுரைகளில்கூடச் 'சோழர் கடற்படைத் தளபதி கருணாகரன்' தலைகாட்டுகிறான். மறு சாரார் எல்லாம் கற்பனை என்று ஒரே வரியில் தள்ளிவிடுகின்றனர். கருணாகரன் கற்பனைதான். ஆனால் வாளோடு மரக்கலம் ஏறியவர், வணிகத்துக்கும் போருக்கும் கொள்ளைக்கும் இடையில் வாழ்ந்தவர் கற்பனையல்லர். அவர்களைத் தேடவேண்டிய இடம் பரணியன்று.

கடற்கொள்ளை தென்னிந்தியக் கரைக்குப் புதிதன்று. கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி, முசிறித் துறைக்கு அருகே கொள்ளையர் உள்ளனர் என்றும், இந்தியாவுக்கு வரும் கப்பல்கள் வில்லாளிகளை ஏற்றிக்கொண்டே வருகின்றன என்றும் எழுதினான். சேரன் கடல் கடந்து பகைவரின் காவல்மரமான கடம்பை வெட்டிய செய்தியைப் பதிற்றுப்பத்து பாடுகிறது. அப்பகைவரைக் கடற்கொள்ளையர் என்று இன்றைய நூல்கள் எளிதாகச் சொல்லிவிடுகின்றன. பாட்டிலோ அவர்கள் பகைவர் மட்டுமே. நிலவழியில் பறிப்போர்க்கு 'ஆறலைகள்வர்' என்று தெளிவான பெயர் வைத்திருந்த அதே இலக்கியம், கடம்புக்கு உரியோரை அரசனுக்கு எதிர்நின்ற பகைவராகத்தான் பார்த்தது. காவல்மரம் உடையவன் கள்வன் ஆகான். அவன் ஒரு தலைவன். கொள்ளையன் என்ற பெயர் தோற்றவனுக்கு வெளியிலிருந்து சூட்டப்படுவது என்பதை இவ்வாசிப்பின் வரலாறே காட்டுகிறது.

சோழர் காலத்துக்கு வருவோம். 9ஆம் நூற்றாண்டின் தகுவாபா கல்வெட்டு தாய்லாந்தின் மேற்குக் கரையில் கிடைத்தது. அவனிநாரணம் என்ற குளத்தைத் தமிழர் தோண்டி, மணிக்கிராமத்தார்க்கும் சேனாமுகத்தார்க்கும் அடைக்கலமாக விட்டனர் என்பது அதன் செய்தி. மணிக்கிராமம் வணிகர் குழு, சேனாமுகம் படையிருப்பு. கடல் கடந்த ஒரு கரையில் குளத்தைக் காக்கும் பொறுப்பு இவ்விருவர்க்கும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. இரு நூற்றாண்டு கழித்துச் சுமத்திராவின் மேற்குக் கரையில் பாரூசு அருகே லோபு துவாவில் ஐந்நூற்றுவர் பொறித்த கல்வெட்டு சக ஆண்டு 1010ஐ, அதாவது 1088ஐச் சேர்ந்தது. இளையபல்லவன் வாள் சுழற்றும் அட்சயமுனை இருப்பதும் இதே சுமத்திரா. காலமும் ஏறத்தாழ அதுவே. அக்கல்வெட்டின் மாந்தர் பட்டியலில் 'நகர சேனாபதி' ஒருவன் வருகிறான். அரசனுக்குச் சேனாபதி இருப்பது இயல்பு. நகரத்துக்கு, அதாவது வணிகர் அவைக்கு, ஏன் சேனாபதி? அடுத்து மரக்கலநாயனும் கேவிகளும் வருகின்றனர். ஒருவன் கப்பல் தலைவன். மற்றவர் கப்பலில் உழைப்போர். அவர்கள் கத்தூரி விலையை அளவாகக் கொண்டு பொன் செலுத்திய பிறகே பட்டினத்துக்குள் கால் வைக்கவேண்டும். இந்தச் சிறு கல்லில் சேனாபதி உண்டு, கப்பல் தலைவன் உண்டு, கப்பலாட்கள் உண்டு, வரி உண்டு. சோழ அரசனின் பெயர்தான் இல்லை.

வியப்புக்குரிய சான்று கடற்கரையில் கிடைக்கவில்லை, மலைமேல் கிடைத்தது. பலமனேர் கிழக்குத் தொடர்ச்சி மலையின் விளிம்பில் இருக்கும் ஊர். சித்தூரிலிருந்து மொகிலி மலைவழி ஏறினால் அங்கே சமவெளி முடிந்து மேட்டுநிலம் தொடங்குகிறது. சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் பழைய பாதை இது. அவ்வூரின் பக்கம் பிறக்கும் கௌண்டின்ய நதி குடியாத்தம் வழியாகப் பாலாற்றில் சேர்கிறது. வாணர் ஆண்ட பெரும்பாணப்பாடிப் பகுதி இது. முதற் பராந்தகன் வாணர் இருவரை வேரறுத்து, கங்க மன்னன் இரண்டாம் பிருதிவீபதிக்கு வாணாதிராசன் என்ற பட்டத்தைக் கொடுத்ததை உதயேந்திரம் செப்பேடு சொல்கிறது. கன்னட மேட்டுநிலத்துச் சரக்கு தொண்டைநாட்டுத் துறைகளுக்கு இறங்கவும், துறைகளில் வந்திறங்கிய சரக்கு மேலேறவும் இத்தகைய மலைவழிகளே வாயில். வாயிலைப் பிடித்தவன் சுங்கம் கேட்பான், கொடாதவனிடம் பறிப்பான். இவ்வட்டாரத்தின் நடுகல் வீரன் கையில் வாளோடு நிற்பது சிற்பியின் அழகுணர்ச்சிக்காக மட்டுமன்று.

பலமனேரிலிருந்து புங்கனூர் வழியாக வடக்கே ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டரில் மதனப்பள்ளி. அதன் பக்கத்தில் உள்ள பாசினிகொண்டாவில் 11ஆம் நூற்றாண்டு வணிகர் கல்வெட்டு ஒன்று உண்டு. கல்வெட்டுத் துறை 1912இல் அதைப் படியெடுத்தது. நாடும் நகரமும் நானாதேசியும் கூடிய பேரவை, சிறவள்ளி என்ற ஊரை 'நானாதேசிய தசமடி எறிவீரபட்டணம்' ஆக மாற்றியது என்பது செய்தி. ஐந்நூற்றுவரின் இத்தகைய அவைகளோடு எறிவீரர், முனைவீரர், இளஞ்சிங்க வீரர், கொங்கவாளர் என்ற பெயர்கள் அடுத்தடுத்து வருவதைக் காண்கிறோம். இலங்கையில் வாகல்கடக் கல்வெட்டிலும் இவ்வகைப் பெயர்கள் உள்ளன. இவர்கள் வணிகர் குழுவின் ஆயுதக்காரர். கொங்கவாளர் என்பதில் வாள் வெளிப்படையாகவே நிற்கிறது.

'எறிவீரர்' என்னும் சொல்லைச் சற்று நின்று பார்க்கவேண்டும். எறிதல் என்றதும் இன்று வீசுதல் மட்டுமே நினைவுக்கு வருகிறது. எனவே ஈட்டி எறிவோர் என்று பொருள் கொள்வது வழக்கம். பழந்தமிழில் எறிதல் வெட்டுதலும் ஆகும். தாக்கி அழித்தலும் ஆகும். போரைப் பேசும் இடங்களில் பின்னவையே மிகுதி. ஈட்டியை மட்டும் அவர்கள் கையில் கொடுத்தால் சொல்லின் பாதியை இழக்கிறோம். அடுத்தது 'பட்டணம்'. தமிழ் மரபு பட்டினத்தைக் கடற்கரை ஊருக்கும், பட்டணத்தைப் பொதுவாக நகருக்கும் பிரித்து வைத்தது. எழுத்தில் இப்பிரிவு அடிக்கடி கலைந்துவிடுகிறது என்பது உண்மையே. ஆயினும் கடலிலிருந்து பல நாள் நடைத்தொலைவில், மலைமேல், ஆடுமாடு மேயும் நிலத்தில் உள்ள ஓர் ஊர், பாரூசுக் கரையில் உள்ள ஊரோடு ஏறத்தாழ ஒரே பெயர்மரபில் அழைக்கப்படுகிறது. ஒரே குழு இரு முனையிலும் இருந்தது. மலைவழியில் பொதிமாட்டுக்குக் காவல் சென்ற வாளும், மரக்கலத்தில் காவல் சென்ற வாளும் ஒரே கூலியைப் பெற்ற வாள்கள். கர்நாடகத்துச் சிகாரிபுர வட்டாரத்தில் ஐந்நூற்றுவர் தம்மைப் புகழ்ந்து பொறித்துக்கொண்ட கல்லில், நிலவழியும் நீர்வழியும் சென்று யானை, குதிரை, மணி, மணப்பொருள் விற்றதைச் சொல்லும் அதே மூச்சில், யானையையும் பாம்பையும் சிங்கத்தையும் போலத் தாம் கொல்லவல்லவர் என்றும் பெருமை பேசுகின்றனர். இன்றைய வணிகர் சங்கம் எதுவும் தன் பெயர்ப்பலகையில் இதை எழுதாது.

கொல்லவல்லவரை வேலைக்கு வைத்துக்கொள்வதில் உள்ள இடர்ப்பாட்டையும் அவர்களே கல்லில் எழுதியிருக்கின்றனர். சென்னைக்கு வடக்கே உள்ள காட்டூர்க் கல்வெட்டு, மயிலாப்பூரில் கூடிய பேரவை அவ்வூரை வீரபட்டணமாக்கிய செய்தியைத் தருகிறது. ஊரார்க்குச் சில சலுகைகள் அளிக்கப்படுகின்றன. அதோடு ஒரு தடையும் வருகிறது. உருவிய வாளைக் காட்டி அச்சுறுத்தி வரியும் சுங்கமும் கேட்போர், மக்களைப் பிடித்துவைப்போர், அவர்தம் உணவைப் பறித்துத் துன்புறுத்துவோர் இனி இவ்வூரில் குடியிருத்தல் கூடாது. மீறினால் வளஞ்சியர் குழுவுக்குப் புறம்பாவர். தடைசெய்யப்படுவோர் அயலார் அல்லர், வணிகர் கூட்டத்தைச் சேர்ந்தவரே என்பதைக் கவனிக்க வேண்டும். நடக்காத ஒன்றைத் தடுக்க எவரும் கல் வெட்டுவதில்லை. ஊர்மக்கள் முறையிட்டிருக்க வேண்டும். வணிகரும் இழப்பைக் கண்டிருக்க வேண்டும். சரக்கைக் காக்கக் கொடுத்த வாள் சாலையை மறித்த கதை இது. கொள்ளையனுக்கும் காவலனுக்கும் இடையே உள்ள கோடு ஓர் அவையின் தீர்மானத்தால் வரையப்பட்டதை இவ்வளவு நேராகக் காட்டும் ஆவணம் நம்மிடம் வேறு அதிகம் இல்லை. நாவலில் வரும் எந்தக் கொள்ளைக்காட்சியையும்விட இதுவே கூர்மையானது.

அரசர்கள் மட்டும் இக்கோட்டின் நல்ல பக்கத்தில் நின்றார்களா? காகதீய கணபதிதேவன் 1244இல் மோட்டுப்பள்ளித் துறையில் வெளியிட்ட அபய சாசனம், புயலில் சிக்கிக் கரை ஒதுங்கும் கப்பல்களின் யானை, குதிரை, பொன் முதலானவற்றை முன்னைய அரசர்கள் வலிந்து கவர்ந்ததைக் கூறி, தான் சுங்கம் மட்டுமே கொள்வதாக உறுதி தருகிறது. தானாவின் அரசன் கொள்ளையரோடு உடன்பாடு வைத்திருந்தான் என்கிறான் மார்க்கோ போலோ: பிடிபடும் குதிரைகள் அரசனுக்கு, மற்றவை கொள்ளையர்க்கு. சிரீவிசயமோ தன் துறைக்குள் வராமல் கடந்துபோகும் கப்பலைப் படகுகளை அனுப்பித் தாக்கியதைச் சாவ் ஜூகுவா 1225இல் எழுதினான். அதைக் கடற்படை என்று அழைப்பதா, கடற்கொள்ளை என்று அழைப்பதா? 1025இல் இராசேந்திரன் அனுப்பிய கலங்கள் கடாரத்தின் வாயிலையும் பொருட்குவையையும் கொண்டுவந்ததை மெய்க்கீர்த்தி பெருமையோடு பாடுகிறது. சார்ச் இசுபென்சர் 1983இல் வெளியிட்ட நூலில் சோழர் படையெடுப்புகளைக் கொள்ளைப்பொருளின் அரசியலாக விளக்கியபோது தமிழ்நாட்டில் எழுந்த கசப்பு இன்னும் முற்றிலும் தணியவில்லை. அவர் வாதம் எல்லா இடத்திலும் நிற்காது. நாகப்பட்டினத்தில் கடாரத்து அரசனின் பெயரால் விகாரம் எழுந்ததையும், 1090இல் அவன் தூதர் வேண்ட முதற் குலோத்துங்கன் அப்பள்ளிக்கு வரிவிலக்கு அளித்ததையும் வெறும் கொள்ளைக் கணக்கால் விளக்கமுடியாது. ஆனால் கேள்வி நியாயமானது. அகூதா செய்தால் கொள்ளை, அரசன் செய்தால் திக்குவிசயம் என்ற பிரிவைக் கல்வெட்டுகள் தரவில்லை. நாமே கொண்டுவந்து வைக்கிறோம்.

கப்பலில் இத்தகைய வாள்வீரர் எவ்வாறு இருந்தனர் என்பதற்கு இபின் பதூதா ஒரு காட்சி தருகிறான். 1342இல் தில்லியை விட்டுப் புறப்பட்டுக் குசராத்துக் கரையில் அவன் ஏறிய கப்பலில் துடுப்பு வலிப்போர் ஐம்பதின்மர், அபிசீனிய ஆயுதவீரர் ஐம்பதின்மர். ஓர் அபிசீனியன் இருந்தாலே கொள்ளையர் அக்கப்பலை ஒதுக்கிவிடுவர் என்று எழுதுகிறான். பின்னர் ஒன்னாவருக்கும் பாக்கனூருக்கும் இடையே அவன் சென்ற கப்பலைப் பன்னிரண்டு கலங்கள் சூழ்ந்துகொண்டன. இலங்கை அரசன் கொடுத்த மணிகள் உட்பட அனைத்தையும் இழந்து உடுத்த துணியோடு கரையேறினான். வாள் இருந்த கப்பல் தப்பியது, இல்லாதது அகப்பட்டது என்று இதை எளிமைப்படுத்தலாகாது. ஆயினும் கடல்வழியில் வாள் ஒரு செலவினம் என்பது இதிலிருந்து தெளிவாகிறது. கப்பலுக்குப் பாய் வாங்குவதுபோல வீரனையும் வாங்கவேண்டும்.

இவ்வெளிச்சத்தில் 'கடல் புறா'வைத் திரும்பப் பார்த்தால், கொள்ளையர் கூட்டத்தில் சோழ வீரன் சேர்ந்தான் என்ற கற்பனை அவ்வளவு தொலைவானதாகத் தோன்றாது. சாண்டில்யன் தவறிய இடம் வேறு. அவர் வாளை ஒருவன் கையில் கொடுத்தார். கல்வெட்டில் வாள் கூட்டத்தின் கையில் இருக்கிறது: வாள்பெற்ற கைக்கோளர், எறிவீரர், கொங்கவாளர் என்று பன்மையில்தான் வருகிறது, தனி வீரனின் பெயர் வருவது அரிது. இரண்டாவது, கொள்ளைத்தொழிலை ஒரு சீனன் தலையில் வைத்தார். இளையபல்லவன் அதைக் கற்றுக்கொள்கிறானே தவிர, அது அவன் மண்ணில் விளைந்ததன்று. காட்டூரில் வாளை உருவிச் சுங்கம் கேட்டவர்களுக்கு அகூதாவின் பயிற்சி தேவைப்படவில்லை. மூன்றாவது, வாள்வீரனின் பற்று. நாவலில் கருணாகரன் எந்தக் கடலில் இருந்தாலும் அவன் நெஞ்சு சோழநாட்டில் இருக்கிறது. முதலாம் விசயபாகு இலங்கையில் சோழரோடு பொரத் தன் வேளைக்காரப் படையை ஏவியபோது அவர்கள் மறுத்துக் கலகம் செய்ததைச் சூளவம்சம் சொல்கிறது. ஒரு தலைமுறை கழித்து அதே வேளைக்காரர் பொலன்னறுவையில் புத்தரின் பல் வைத்த கோயிலைக் காப்பதாகத் தமிழில் கல் பொறித்து உறுதி ஏற்றனர். அவ்வுறுதிக்குத் தம் மூத்தோராக வளஞ்சியரையும் நகரத்தாரையும் அழைத்தனர். தமிழ் பேசிய இப்படையின் முதற்பற்று சோழநாட்டுக்கா, சிங்கள அரசனுக்கா, கூலி கொடுத்த வணிகருக்கா என்று கேட்டால் அக்கல் தரும் விடை காலத்துக்கேற்ப மாறக்கூடியது.

சாண்டில்யன் எழுதியபோது பாரூசுக் கல்வெட்டு நீலகண்ட சாத்திரியாரின் 1932ஆம் ஆண்டுக் கட்டுரை வழியாக அறிஞர்க்குத் தெரிந்திருந்தது. பாசினிகொண்டா, காட்டூர்க் கல்வெட்டுகளின் சுருக்கம் அதற்கும் முன்பே ஆண்டறிக்கையில் அச்சாகியிருந்தது. பின்னர் எ. சுப்பராயலு பாரூசுக் கல்லை மீண்டும் படித்து வெளியிட்டபோது மரக்கலநாயனும் கேவிகளும் இன்னும் துலக்கமானார்கள். இத்தனை இருந்தும் எறிவீரனைத் தலைவனாக வைத்து ஒரு தமிழ் நாவல் பெயர்பெறவில்லை. அவனுக்கு இளவரசி இல்லை, பட்டம் இல்லை, மெய்க்கீர்த்தி இல்லை. சிறவள்ளியின் மேட்டில் பொதிமாட்டின் பக்கத்தில் நடந்தவன், மறு ஆண்டு மரக்கலம் ஏறிச் சுமத்திராவில் கத்தூரி விலைக்குப் பொன் நிறுக்கும் இடத்தில் காவல் நின்றிருப்பான்; அவனோடு வந்த கேவி, துண்டுப்பொன் கட்டிவிட்டுப் பட்டினத்துக்குள் நுழைந்திருப்பான்.